ஏழு மணிக்கு வந்தவன்

அந்த ஐப்பசி மாதம் முழுக்க அறிவுச்செல்வன் தினமும் ஏழு மணிக்குத் தவறாமல் ஆட்டத்துக்கு வந்தான். வந்தது அவன் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மனிதன் செய்கிற அக்கிரமத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் என்னைக் காட்டலாம். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. அவனுடைய அக்கா வானதியைப் பற்றி.

வானதிக்கு முப்பத்தெட்டு வயது. நன்னிலத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அவள் ஊர். அப்பா விட்டுப்போன ஏழு மா நிலத்தை அவள்தான் பார்க்கிறாள். புருஷன் வெற்றிசெல்வன் நெல் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் பூமிகா இரண்டாவது படிக்கிறாள். வயலுக்குத் தண்ணீர் வரும் முறையில் யாராவது மடையைக் கள்ளத்தனமாகத் திருப்பினால் வானதி கரையில் நின்று கத்துகிற கத்தல் அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். நியாயம் அவள் பக்கம் இருக்கும், வாயும் அவள் பக்கம்தான் இருக்கும். அவளுடைய கோபத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கதை உண்டு.

என் பெயர் ஜாஃபர் சாதிக். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் வளைகுடாவில், தம்மாமில் இருந்தேன். அறிவுச்செல்வன் மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்தான். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டபிறகு அவனுக்கு இருந்த ஒரே சொந்தம் அக்காதான். நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது அக்காவை என் கடைக்கு அழைத்து வந்து, அவள் போனில் அந்த ஆட்டத்தை ஏற்றச் சொன்னான். “போன்ல பேசினா இந்த அக்கா பத்து நிமிஷம் நெல்லு ஈரப்பதத்தைப் பத்திப் பேசும், பாய். இதுல ஒரு மணி நேரம் கூடவே இருக்கலாம்” என்றான்.

ஆட்டத்தின் பெயர் நாக்கில் நுழையாத இங்கிலீஷ். நாங்கள் பாலம் ஆட்டம் என்போம். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். நடுவில் ஒரு பாலம். கடைசியில் பாலம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ஜெயித்தார்கள். எங்கள் அணியில் அக்கா, தம்பி, நான், என் கடைக்கு எதிரில் டயர் கடை வைத்திருக்கும் ராம்கி. நான்தான் தலைவன். எல்லோரையும்விட மோசமாக ஆடுகிறவனும் நான்தான்.

எதிரில் வருகிற நாலு பேரும் மனிதர்கள் என்றுதான் புதிதாக ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். ஆள் குறைந்தால் கம்பெனி கம்ப்யூட்டர் ஓட்டுகிற பொம்மைகளை இறக்கிவிடும். பெயர் மனிதப் பெயராக இருக்கும். ஓடும், ஒளியும், சுடும். தோற்றுப்போனால் நம்மைத் திட்டிக்கூட எழுதும். அதை நாங்கள் மிஷின் என்போம். எது ஆள், எது மிஷின் என்று ராம்கிக்கும் எனக்கும் கடைசி வரை தெரியாது. வானதி பத்து எண்ணுவதற்குள் சொல்லிவிடுவாள். நாற்றுக்கு நடுவில் நாற்று மாதிரியே வளர்கிற குதிரைவாலிக் களையைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கிய கண் அது.

“எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மனுஷன்னா ஒரு இடத்துல தயங்குவான் பாய். சத்தம் கேட்டா திரும்பிப் பாப்பான். மிஷினுக்கு பயமே கிடையாது, அதான் அதைப் பாத்தா எனக்கு பயமா இருக்கு” என்றாள்.

தம்பியின் ஆட்டத்தில் தயக்கம் நிறைய இருந்தது. பாலத்துக்கு முன்னால் வந்ததும் அக்கா வந்து சேர்கிறவரை நிற்பான். வழியில் மருந்துப் பெட்டி கிடந்தால் தான் எடுக்காமல் அவளுக்கு விட்டுவைப்பான். அவளுக்கு அடி பட்டிருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்க மாட்டான்.

சண்டை வந்தது பூமிகாவின் காதுகுத்தில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். நாள் குறித்து, பத்திரிகை அடித்து, ஊரைக் கூப்பிட்டாயிற்று. முதல் நாள் மத்தியானம் அறிவுச்செல்வன் போன் செய்து லீவு கிடைக்கவில்லை என்றான். பூமிகா ஒன்றுவிட்ட மாமா ஒருவர் மடியில் உட்கார்ந்து அழுதாள். அன்று சாயங்காலம் வானதி போனில் சொன்னது பந்தலில் நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “தம்பின்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சுக்கறேன். இனிமே எனக்கு போன் பண்ணாத.”

அவனும் பண்ணவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அப்பாவின் ரத்தம். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். அண்ணன் தம்பி ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு பத்து வருஷம் பேசாமல் இருப்பார்கள். ஆனால் காதுகுத்து முடிந்த மறுநாள் ஏழு மணிக்கு வானதி ஆட்டத்தைத் திறந்தாள். அவன் உள்ளே இருந்தான். இரண்டு பேரும் மைக்கை அணைத்துவிட்டு ஆடினார்கள். அவன் பாலத்துக்கு முன்னால் நின்றான், அவள் வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அப்படித்தான். ஒரு வார்த்தை பேச்சு இல்லை, ஒரு நாள் தவறியதும் இல்லை.

வருஷத்தில் ஒரு நாளைத் தவிர. அவர்கள் அப்பாவின் திதி ஐப்பசியில் வரும். பிறையைப் பார்த்துக் கணக்கிடுகிற நாள் என்பதால் ஒவ்வொரு வருஷமும் வேறு தேதியில் விழும். முன்பெல்லாம் அக்காதான் காலண்டர் பார்த்துத் தம்பிக்குச் சொல்வாள். அவன் அங்கே பகலெல்லாம் பட்டினி இருந்து, குடியிருப்பு மாடியில் காக்கைக்குச் சோறு வைப்பான். அன்று போனில் விளையாட்டைத் தொட மாட்டான். பேச்சு நின்ற முதல் வருஷம் வானதி வேண்டுமென்றே தேதியைச் சொல்லவில்லை. அவனாகவே கண்டுபிடித்து, அன்று ஆட்டத்துக்கு வராமல் இருந்தான். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் போனை எடுத்து, அவன் நம்பரை முக்கால்வாசி அழுத்தி, வைத்துவிட்டாளாம். இதெல்லாம் அவள் எனக்குப் பிற்பாடு சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐப்பசியில் ஒரு நாள் இவர்கள் லீவு போடுவார்கள் என்பது மட்டும்தான்.

போன ஆவணியில் ஆட்டத்தில் புதிதாக ஒன்று வந்தது. அதற்கு நிழல் என்று பெயர். ஒருவர் ஆடுகிற விதத்தை அது பார்த்துக் கற்றுக்கொள்ளும். அவர் வராத நாளில் அவர் பெயரிலேயே, அவர் மாதிரியே மிஷின் வந்து ஆடும். ஆள் குறைந்து அணி தோற்கக் கூடாது என்பதற்காக அப்படி. தலைவன் சம்மதம் கொடுத்தால் போதும், மொத்த அணிக்கும் வந்துவிடும். நான் சம்மதம் கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நிழல் ஆடும்போது பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அரைவட்டம் வரும். அதுவும் தலைவனுடைய திரையில் மட்டும்தான் தெரியும்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் அறிவுச்செல்வன் பெயருக்குப் பக்கத்தில் அரைவட்டம் வந்தது. டபுள் டூட்டி போல என்று நினைத்தேன். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். பத்தாவது நாள் ‘என்ன தம்பி, ஆளையே காணோம்’ என்று ஒரு மெசேஜ் போட்டேன். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக் விழுந்தது. பதில் இல்லை. அதோடு விட்டுவிட்டேன். ஏழு மணிக்குப் பெயர் வருகிறது, ஓடுகிறது, சுடுகிறது. மிஷின் என்று தெரிந்திருந்தும் அதைப் பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று எனக்கே ஒரு நிம்மதி. தினமும் கண்ணில் படுகிறவனை யார் தேடுகிறார்கள்?

வானதியிடம் ஏன் சொல்லவில்லை? அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கும் தம்பிக்கும் மிச்சம் இருந்தது. அதையும் நான் பிடுங்குவானேன் என்று நினைத்தேன். குறுவை அறுப்பு நேரம். மழையில் நெல் ஈரமாகி, கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அவள் ஆட்டத்தைத் திறப்பாள். ஒரு நாள் கடைக்கு வந்தபோது அவளாகவே சொன்னாள்.

“இப்பல்லாம் பாலத்துக்கு முன்னாடி நிக்கிறான் பாய், ஆனா திரும்பிப் பாக்க மாட்டேங்கிறான். முன்னெல்லாம் ஒருதடவ திரும்பிப் பாப்பான்.”

கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

“கோவம் இன்னும் கூடிப்போச்சு போல. இருக்கட்டும். எத்தனை நாளைக்குன்னு பாக்குறேன்” என்றாள்.

எதிரணியில் முகம் தெரியாத மிஷினைப் பத்து எண்ணுவதற்குள் பிடிக்கிறவள், தம்பியிடம் தெரிந்த குறையை அவன் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அவன் மேல் இருந்த நினைப்பெல்லாம் கோபத்தின் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு, கையிலிருந்த போனின் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

திதி வந்தது. வானதி இலை போட்டுப் படைத்துவிட்டு, காக்கை எடுக்கிறவரை மழையில் நின்றிருந்தாள். ஏழு மணிக்கு, ஆடுவதற்காக இல்லை, அவன் பெயர் இல்லாமல் இருப்பதைப் பார்ப்பதற்காக ஆட்டத்தைத் திறந்தாள். அவன் பெயர் இருந்தது. பாலத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“என் பேரை இதுலேருந்து எடுத்துடுங்க பாய்.”

“என்ன ஆச்சும்மா?”

“எங்க வீட்டு விஷயம். எடுத்துடுங்க.”

வீட்டுக்குள் இருக்கிற அசிங்கத்தை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது அவளுக்குக் கட்டுப்பாடு. அப்பா திதியன்று விளையாடுகிற அளவுக்குத் தம்பி போய்விட்டான் என்பதை அவள் என்னிடம் சொல்வாளா? சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்கும். நான் அரைவட்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவளுக்கு உறைத்திருக்கும். பாதி அவளிடம், பாதி என்னிடம். இரண்டு பேரும் ஒரு கண்ணாடி மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம். நான் வாயைத் திறந்து பொய் சொன்னேன்.

“விடுங்கம்மா. தம்பி டெய்லி வர்றான்ல. உங்களுக்காகத்தான் வர்றான்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “எனக்காகவா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமும் ஆட்டத்துக்கு வந்தாள். அதற்குப் பிறகு தினமும் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பதுதான் அவளுடைய கோபம். நிழல் அவளுக்கு முன்னால் மருந்துப் பெட்டியை விட்டுவைக்கும். அவள் மிதித்துக்கொண்டு போய் அடி வாங்கிச் சாவாள். அவன் பார்த்து வேதனைப்பட வேண்டும் என்று. பதினோரு நாள் அப்படி ஆடினாள்.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், பாஸ்போர்ட்டில் இருந்த முகவரியை வைத்து விசாரித்துக்கொண்டு போலீஸ்காரர் ஒருவர் அவள் வீட்டுக்கு வந்தார். அறிவுச்செல்வன் சாரத்திலிருந்து விழுந்து, முப்பத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, இறந்துபோயிருந்தான். வீட்டுக்குத் தெரிவிப்பதற்கு அவன் கம்பெனியில் எழுதிக்கொடுத்திருந்தது அப்பாவின் நம்பர். அந்த நம்பர் அப்பாவோடு போய்விட்டது. அவன் மாற்றி எழுதவில்லை.

உடல் திருச்சி விமான நிலையத்துக்கு வந்தது. கூடவே ஒரு பை. பைக்குள் அவன் போனும், ஒரு சீட்டில் ஒரு நம்பரும் இருந்தன. கருமாதி முடிந்த மறுநாள் வானதி அந்தச் சீட்டோடு என் கடைக்கு வந்தாள். அது அவனோடு ஒரே அறையில் இருந்த நேபாளிப் பையனுடைய நம்பர். அவனுக்குத் தமிழ் தெரியாது, வானதிக்கு இந்தி தெரியாது. நான் ஸ்பீக்கரில் போட்டு, தம்மாமில் கற்ற இந்தியை வைத்து அவன் சொல்வதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அல்லா எனக்குக் கொடுத்த தண்டனை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

“போன் லாக் ஆகியிருந்துச்சாம். இந்தப் பையனால அதுலேருந்து யாரையும் கூப்பிட முடியல. ஆனா கூப்பிட்டா எடுக்கலாம்ல, அதனால தினமும் சார்ஜ் போட்டு, வேலை முடிஞ்சதும் எடுத்துட்டுப் போய் கட்டில் பக்கத்துல வெச்சிருக்கான். வீட்டுலேருந்து யாராவது கூப்பிடுவாங்கன்னு.”

“யாரு கூப்பிட்டாங்கன்னு கேளுங்க” என்றாள் வானதி.

கேட்டேன். “யாரும் கூப்பிடலயாம்.”

“பேசினானா? நினைவு இருந்துச்சா?”

“பேச்சு வரலயாம். நினைவு இருந்துச்சாம். கடைசி நாலு நாள்தான் இல்ல.” அடுத்ததை அவன் சொன்னபோது நான் நிறுத்திவிட்டேன். வானதி மேஜையைத் தட்டினாள். சொன்னேன். “சாயங்காலம் போன்ல வெளிச்சம் வந்தா திரும்பிப் பாப்பானாம். கூப்பிடுறாங்கன்னு நெனச்சு இவனும் ஓடிப்போய் எடுப்பானாம். பாத்தா அந்த ஆட்டத்துலேருந்து வர்ற செய்தியாம். ‘இன்று உங்கள் அணி வென்றது’ன்னு.”

வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. வானதி விரலை மடக்கி நாளை எண்ணினாள். அவன் விழுந்த நாள், திதி, அவன் போன நாள். திரும்ப எண்ணினாள்.

“திதி அன்னைக்கு உசுரோட இருந்திருக்கான். திதி அன்னைக்கு ஒரு போன் அடிச்சுக் கத்தியிருந்தாக்கூட அவன் காதுல விழுந்திருக்கும்” என்றாள். பிறகு நிமிர்ந்து, “அப்ப என்கூட ஆடினது யாரு பாய்?” என்று கேட்டாள்.

சொன்னேன். நிழலைப் பற்றி, அரைவட்டத்தைப் பற்றி, நான் சொன்ன பொய்யைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊரையே கிழிக்கிற அந்த வாய் மூடியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

“அத எடுத்துடுறேம்மா. தலைவர் நான்தான், ஒரு நிமிஷம்” என்று போனை எடுத்தேன்.

“வேணாம். இருக்கட்டும்” என்றாள். போனைக் கையில் வாங்கி, மணியைப் பார்த்தாள். ஏழாவதற்குக் கொஞ்சம் இருந்தது. என் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஏழு மணிக்கு அவன் பெயர் வந்தது. அவள் தன் பெயரில் உள்ளே போய், பாலத்துக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றாள். அதுவும் நின்றது. ராம்கி செத்தான், எதிரணி பாலத்தைப் பிடித்தது, சுற்றிலும் குண்டு பறந்தது. அது அவளை விட்டு நகரவில்லை. வானதி மைக்கைத் திறந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, “அறிவு” என்று கூப்பிட்டாள். அது திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் வீட்டிலிருந்து ஆடிக்கொண்டுதான் இருந்தாள். நான் ஆடுவதில்லை. எப்போதாவது ஏழு மணிக்குப் பெயர்ப்பட்டியலை மட்டும் திறந்து பார்ப்பேன். வானதியின் பெயர் சுத்தமாக இருக்கும், தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் அரைவட்டம் இருக்கும்.

மார்கழியில் ஒரு நாள் பார்த்தபோது வானதியின் பெயருக்குப் பக்கத்திலும் அரைவட்டம் இருந்தது.

உடனே போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தேன். அவள் புருஷனுக்கு அடித்தால், அவர் லாரியோடு ஒரத்தநாட்டில் நிற்கிறார். கடையைப் பூட்டாமலே வண்டியை எடுத்தேன். பனியில் நாலு கிலோமீட்டரும் எப்படிப் போனேன் என்று தெரியாது. வாய்க்கால் மதகைத் தாண்டும்போது தண்ணீருக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன். அப்படியெல்லாம் புத்தி போனது.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வானதி தரையில் உட்கார்ந்து பூமிகாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் ஃபிரிட்ஜுக்கு மேல் கிடந்தது.

“வாங்க பாய். ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“நீங்க இன்னைக்கு ஆடல” என்றேன்.

“நாலு நாளா ஆடல.” சமாதானமான குரல். வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி. “நான் போய் நின்னா அது அவன் இல்லன்னு தெரியுது பாய். அதான் யோசிச்சுப் பாத்தேன். நான் போகலன்னா ஒண்ணும் தெரியாது. அங்க அக்காவும் தம்பியும் ஆடிக்கிட்டு இருப்பாங்க.”

பூமிகா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வானதி அவள் நோட்டில் ஒரு கணக்கைச் சரிபார்த்துப் பென்சிலால் டிக் போட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. கத்துகிற வானதியிடம் எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை.

“இப்ப ஆடுறாங்களா?” என்று கேட்டாள்.

என் போனைப் பார்த்தேன். பாலத்துக்கு முன்னால் ஒன்று வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்து அதன் பக்கத்தில் நின்றது. இரண்டும் மைக்கை அணைத்திருந்தன.

“ஆடுறாங்கம்மா” என்றேன்.

“பேசிக்கிறாங்களா?”